ஐந்தாம் நாள் காய்ச்சலுக்கு எந்த டெஸ்ட்?

போன மார்கழியில் ஒரு பின்னேரம் திருகோணமலை மட்டிக்களியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது, வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். சாப்பாட்டு மேசையில் பரசிட்டமோல் அட்டைக்குப் பக்கத்தில் லாப் ரிப்போர்ட் ஒன்று மடித்தபடி கிடந்தது. என்எஸ்1 நெகட்டிவ். ஐஜிஎம் நெகட்டிவ். ஐஜிஜி பொசிட்டிவ்.

"டெங்கு இல்லையாம். ஐஜிஜி எண்டா பழசாம், பயப்பட வேண்டாமெண்டு லாப்பில சொல்லிட்டாங்க" என்றார் அக்கா.

பெறாமகன் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தான். சாதாரண தரம் எழுத இருக்கிற பிள்ளை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு குறைந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காய்ச்சல் எப்ப துவங்கினது?" என்று கேட்டேன். அத்தான் விரல் மடக்கி எண்ணினார். அன்று 5ஆம் நாள்.

அந்த ரிப்போர்ட்டில் இருந்த மூன்று வரியும் சரியாகவே இருந்திருக்கலாம். வாசித்த விதம் பிழை. நான் வைத்தியர் இல்லை, உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பிறபொருளெதிரியை (அன்டிபொடி) வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து விளங்கப்படுத்துகிறேன். இருந்தும் என் சொந்த அக்காவுக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாமல் போனது மனதை உறுத்துகிறது. மாரி காலத்தில் நம் ஊரில் காய்ச்சல் வந்தால் மூன்று டெஸ்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டி வருகிறது: என்எஸ்1, ஐஜிஎம்-ஐஜிஜி, எஃப்பிசி எனும் முழுக் குருதிக் கணக்கு. எதை, எந்த நாளில், எதற்காக எடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த வரை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மான் தெரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து இரவில் இறங்கி வந்து செவ்வரத்தையையும் கீரைப் பாத்தியையும் மேய்ந்துவிட்டுப் போகும். விடிய எழும்பிப் பார்த்தால் மான் இருக்காது, புழுக்கை இருக்கும். என்எஸ்1 அந்தப் புழுக்கையைத் தேடுகிற டெஸ்ட். டெங்கு வைரஸ் புகுந்த கலங்கள் என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்துக்குள் கொட்டுகின்றன, அது இருந்தால் வைரஸ் வந்திருக்கிறது. ஐஜிஎம்-ஐஜிஜி டெஸ்ட் வீட்டுக்காரர் கட்டிய வேலியை, அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு செய்கிற பிறபொருளெதிரியைத் தேடுகிறது. வேலி கட்ட நாள் எடுக்கும், கட்டிய வேலி மான் போன பிறகும் நிற்கும். எஃப்பிசி மானையும் பார்ப்பதில்லை, வேலியையும் பார்ப்பதில்லை. பாத்தியில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணுகிறது.

முதலில் வேலியைப் பார்ப்போம். குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

வேலி எப்படிக் கட்டப்படுகிறது

பிறபொருளெதிரி ஒரு புரதம். பொடியன்கள் கெட்டபோல் செய்ய வெட்டுகிற கவட்டைத் தடியின் வடிவம் அதற்கு. பாரமான சங்கிலி இரண்டு, இலேசான சங்கிலி இரண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டும் கந்தகப் பிணைப்புகள். ஐஜிஜி வகையின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 1,50,000 டால்டன். கவட்டையின் இரண்டு நுனிகளும் ஒன்றே போல இருக்கும், எதிரியைப் பிடிப்பது அவைதான். அந்த நுனிகளின் வடிவம் ஒரு பிறபொருளெதிரிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடும். டெங்குவைப் பிடிக்கும் நுனி சின்னம்மையைப் பிடிக்காது. காம்புப் பகுதியில் அவ்வளவு வகை கிடையாது. நுனி பிடித்ததை என்ன செய்வது என்று உடம்புக்குச் சொல்வது அந்தக் காம்பு.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் வீட்டுக் கொல்லை மரம் ஒன்றும் வருகிறது. 1950களின் இறுதியில் ரொட்னி போர்ட்டர் என்ற பிரித்தானிய விஞ்ஞானி பிறபொருளெதிரியைப் பப்பெயின் என்ற நொதியம் கொண்டு வெட்டினார். பப்பெயின் பப்பாசிக் காயின் பாலிலிருந்து எடுப்பது. வெட்டியதும் மூன்று துண்டுகள் வந்தன. இரண்டு துண்டுகள் எதிரியைப் பிடித்தன, மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை, ஆனால் அழகாகப் படிகமானது. பிடித்தவை இரண்டும் கைகள், படிகமானது காம்பு. அமெரிக்காவில் ஜெரால்ட் எடெல்மன் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, பாரச் சங்கிலியும் இலேசான சங்கிலியும் தனித்தனி என்று காட்டினார். இருவரும் 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பப்பாசி என்றதும் டெங்குக்கு இலைச்சாறு குடிப்பது ஞாபகத்துக்கு வரும். அக்காவும் அரைத்துக் கொடுத்திருந்தார். சாறு கொடுத்தாயிற்று, இனி இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டு (பிளேட்லெட்) ஏறிவிடும் என்று எஃப்பிசி எடுக்காமல் இருப்பதை மட்டும் செய்யக் கூடாது. வாந்தி இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கசப்பு இன்னும் வாந்தியைக் கொண்டு வரும் என்பதையும் கண்ணால் பார்த்தேன்.

காம்பை வைத்துத்தான் பிறபொருளெதிரிகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். டெங்கு டெஸ்டில் வேலை இரண்டுக்குத்தான், ஆகவே மற்ற மூன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஐஜிஏ கண்ணீர், உமிழ்நீர், குடல், தாய்ப்பால் என்று ஈரமான வாசல்களில் காவல் நிற்பது, பிள்ளை பெற்ற முதல் நாட்களின் சீம்பாலில் நிறைய இருக்கும். ஐஜிஈ இரத்தத்தில் மிக மிகக் கொஞ்சம். புழுக்களுக்கு எதிராக வேலை செய்வது, ஆனால் இறால் சாப்பிட்டதும் சிலருக்கு உடம்பு தடிப்பதும் இதனால்தான். ஐஜிடி பெரும்பாலும், பிறபொருளெதிரி செய்கிற பி கலங்களின் மேற்பரப்பில் ஒட்டியபடி இருக்கும்.

இனி ஐஜிஎம். வைரஸ் முதல் தடவை வந்தால் முதலில் வெளியே வருவது இது. ஐந்து கவட்டைகள் காம்புப் பக்கமாக ஒன்றோடொன்று கட்டப்பட்டு, மொத்தம் பத்து நுனிகள். அவசரத்தில் செய்ததால் ஒவ்வொரு நுனியின் பிடியும் அவ்வளவு இறுக்கமில்லை. பத்து நுனிகளும் சேர்ந்து பிடிப்பதால் அந்தக் குறை சரிக்கட்டப்படுகிறது. நிரப்புப் புரதங்கள் என்று இரத்தத்தில் ஒரு கூட்டம் உண்டு, அவற்றைத் தட்டி எழுப்புவதில் ஐஜிஎம்முக்கு ஈடில்லை.

அப்புறம் ஐஜிஜி. இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரிகளில் நான்கில் மூன்று பங்கு இதுதான். ஐஜிஎம் செய்த அதே பி கலக் குடும்பம், நிணநீர்க் கணுக்களுக்குள் போய் நுனிகளைத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்கி, காம்பை மாற்றிக்கொண்டு ஐஜிஜியைச் செய்யத் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தில் சில கலங்கள் ஞாபகக் கலங்களாக வருடக்கணக்கில் தங்கிவிடும். ஐஜிஜி சிறியது, இழையங்களுக்குள் புகும், சூல்வித்தகத்தைத் தாண்டி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும். வைரஸின் மேல் ஒட்டி அது கலத்துக்குள் நுழைய விடாமல் மறிக்கும். பெருந்தின்கலங்களுக்கு இதை விழுங்கு என்று காம்பால் காட்டிக்கொடுக்கும்.

டெஸ்ட் பட்டிக்குள் என்ன நடக்கிறது

லாப்பில் டெங்கு டெஸ்ட் பண்ணுகிற பிளாஸ்டிக் பெட்டியை ஒருமுறை கிட்ட வைத்துப் பாருங்கள். சின்ன விரல் நீளம்தான். ஒரு முனையில் குழி, நடுவில் சன்னல். சன்னலின் ஓரத்தில் சி, எம், ஜி என்று எழுதியிருக்கும். குழியில் இரத்தத் துளி விழுந்ததும், மேலே ஒரு திரவத்தைச் சொட்டுவார்கள். வெள்ளைப் பட்டியில் இளஞ்சிவப்பு நிறம் மெதுவாக ஊறிப் போவது தெரியும், ஈர மணலில் அலை ஏறுகிற மாதிரி. அந்தச் சிவப்பு தங்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துணிக்கைகள் மஞ்சளாக இருப்பதில்லை, சிவப்பாகத்தான் தெரியும்.

பல பட்டிகளில் அந்தத் தங்கத்தில் டெங்குப் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். நம் இரத்தத்தில் டெங்குக்கான பிறபொருளெதிரி இருந்தால், அதன் நுனி தங்கத்தைப் பிடித்துக்கொண்டு பட்டியில் நகரும். எம் என்று எழுதிய இடத்தில் ஐஜிஎம்மின் காம்பைப் பிடிக்கிற இன்னொரு பிறபொருளெதிரியைக் கோடாகப் பூசி வைத்திருப்பார்கள். ஜி என்ற இடத்தில் ஐஜிஜியின் காம்பைப் பிடிப்பது. நுனி தங்கத்தைப் பிடித்திருக்க, காம்பு கோட்டில் மாட்டிக்கொள்ள, அங்கே சிவப்பு தேங்கிக் கோடாகத் தெரிகிறது. போர்ட்டர் வெட்டிப் பார்த்த கையும் காம்பும் அந்தச் சன்னலில் தனித்தனியே வேலை செய்கின்றன. நான் படிப்பிக்கிற அலகு முழுவதும் அந்தப் பட்டியில் இருக்கிறது என்று மாணவருக்குச் சொல்வேன். பரீட்சையில் இரண்டு புள்ளிக்கான படமாக மட்டும் அது நிற்கக் கூடாது.

என்எஸ்1 பட்டி கொஞ்சம் வேறு. அதில் பிறபொருளெதிரியைத் தேடுவதில்லை, பிறபொருளெதிரியால் தேடுகிறார்கள். ஒரே நுனி கொண்ட பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு வளர்த்தெடுக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள், 1984இல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்படி வளர்த்த பிறபொருளெதிரி என்எஸ்1 புரதத்தைக் கோட்டில் பிடித்து வைக்கிறது. கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். சொன்ன நேரத்துக்குள் வாசிக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த வாசிப்பை நம்ப முடியாது.

எந்த நாளுக்கு எது

காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். என்எஸ்1 முதலாம் நாளிலேயே தெரியக் கூடியது. முதல் மூன்று நான்கு நாட்கள் அதற்கு நல்ல காலம், பிறகு குறையத் தொடங்கும். ஐஜிஎம் பெரும்பாலானவர்களுக்கு 5ஆம் நாளளவில் பட்டியில் தெரியும் அளவுக்கு வரும். இரண்டு கிழமையில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் மறையும். முதல் தடவை டெங்கு வந்தவருக்கு ஐஜிஜி முதல் கிழமையின் கடைசியில் இலேசாகத் தலைகாட்டி, பிறகு ஏறி, ஆயுள் முழுவதும் இருக்கும்.

ஆக, 2ஆம் நாளில் ஐஜிஎம் எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதிப்படுவது வீண்காசு. வேலி கட்டத் தொடங்கவே இல்லை. 2ஆம் நாளில் ஒன்றை எடுப்பதென்றால் என்எஸ்1தான். பொசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தம் எடுக்காதீர்கள், அந்தப் பட்டி தவறவிடுகிற ஆட்களும் உண்டு.

இனி பெறாமகனின் தாளுக்கு வருகிறேன். 5ஆம் நாள், என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பொசிட்டிவ். லாப்பில் சொன்ன விளக்கம் இது: எப்போதோ வந்த டெங்குவின் ஐஜிஜி, இப்போதைய காய்ச்சல் வேறு. அப்படியும் இருக்கலாம். சில பட்டிகள் பழைய ஐஜிஜியையும் காட்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் உறவுக்காரன் என்பதால், அதற்கான தடுப்பூசி தந்த பிறபொருளெதிரியும் சில நேரம் டெங்கு போலத் தோற்றும்.

ஆனால் இதே தாளுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு, அதைத்தான் யாரும் சொல்லவில்லை. டெங்குவில் நான்கு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்புக் கிடைக்கும், மற்ற மூன்றுக்கும் கிடைக்காது. இரண்டாவது தடவை வேறொரு வகை வரும்போது பழைய ஞாபகக் கலங்கள் விழித்துக்கொண்டு ஐஜிஜியை அள்ளிக் கொட்டுகின்றன. காய்ச்சலின் முதல் நாட்களிலேயே ஐஜிஜி உயர ஏறும். ஐஜிஎம் கொஞ்சமாக வரும், சிலருக்குப் பட்டியில் தெரியாமலே போகும். அள்ளிக் கொட்டிய ஐஜிஜி என்எஸ்1 புரதத்தையும் பிடித்து மூடிவிடுவதால் என்எஸ்1 டெஸ்டும் இரண்டாம் தடவைக்காரரில் கூடுதலாகத் தவறும். அதாவது இரண்டாவது டெங்குவில் நடுவில் நிற்கும் பிள்ளையின் தாளும் அச்சொட்டாக இப்படியே இருக்கலாம்.

அத்தானிடம் கேட்டேன், 2017இல் நீங்கள் கிண்ணியாவில்தானே இருந்தீர்கள்? ஓம் என்றார். அந்த வருடத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. நாடு முழுவதும் 1,86,000க்கு மேல் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பதிவானார்கள். வருடத்தின் முதல் மாதங்களிலேயே கிண்ணியா படுத்துவிட்டது, உயிர்களும் போயின. பெறாமகனுக்கும் அப்போது நான்கு நாள் காய்ச்சல் வந்து போனது. யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை, தானாக மாறியது என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது தடவை ஏன் கூடுதல் ஆபத்து என்பது பிறபொருளெதிரி பற்றிய பாடத்தில் என்னை மிகவும் அசைத்த பகுதி. பழைய வகைக்குச் செய்த ஐஜிஜி புதிய வகை வைரஸில் ஒட்டும், ஆனால் அதை முடக்கும் அளவுக்கு ஒட்டாது. ஒட்டியபடியே தன் காம்பை நீட்டும். பெருந்தின்கலம் வழக்கம் போல அந்தக் காம்பைப் பிடித்து உள்ளே இழுக்கும். முடங்காத வைரஸ் தான் பெருகுகிற கலத்துக்குள்ளேயே இப்படிக் கூட்டிக்கொண்டு போகப்படுகிறது. காப்பாற்றச் செய்த காம்பு கதவைத் திறந்துவிடுகிறது. தாயிடமிருந்து வந்த ஐஜிஜி குறைந்துகொண்டு போகிற 6 முதல் 12 மாதக் குழந்தைகளில், முதல் தடவை டெங்குவே கடுமையாக வருவதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். டெங்வக்ஸியா தடுப்பூசி போட்டவர்களில், முன்பு டெங்கு வராதவர்களுக்குப் பிற்பாடு கடுமையான டெங்கு வரும் ஆபத்துக் கூடுகிறது என்று 2017 கார்த்திகையில் அதைச் செய்த கம்பனியே அறிவித்தது. அதற்குப் பிறகு, அந்தத் தடுப்பூசிக்கு முன்னர் ஐஜிஜி பார்க்க வேண்டும் என்று ஆனது. காய்ச்சல் இல்லாத நாளில் ஐஜிஜி டெஸ்டுக்கு உண்மையான பயன் அங்கே இருந்தது.

என் தெரிவு

ஒரேயொரு டெஸ்டுக்குத்தான் வசதி என்றால் எஃப்பிசி எடுங்கள். ஒன்றோடு நிற்காமல் திரும்பத் திரும்ப எடுங்கள். பிறபொருளெதிரியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. அங்கே செய்வது, இரத்தக் குழாய்களிலிருந்து திரவவிழையம் எனும் நீர்ப்பகுதி கசிகிற 24 முதல் 48 மணித்தியாலத்தில் ஆளைக் கவனமாகப் பார்த்து, அளந்து அளந்து திரவம் கொடுப்பது. அந்தக் கட்டம் நெருங்குகிறதா என்று ஐஜிஎம் சொல்லாது, என்எஸ்1ம் சொல்லாது. எஃப்பிசி சொல்லும்.

அதில் பார்க்க வேண்டியது மூன்று எண். வெண்குழியங்கள் 5,000க்குக் கீழ் போவது முதலில் நடக்கும். அப்புறம் குருதிச் சிறுதட்டுகள் இறங்கும், 1,00,000க்குக் கீழ் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூன்றாவது பிசிவி, இரத்தத்தில் செங்குழியங்கள் பிடித்திருக்கும் இடம் நூற்றுக்கு எத்தனை என்ற எண். எல்லாரும் சிறுதட்டையே கேட்பார்கள், பிசிவியைக் கேட்பவர் குறைவு. கசிவு நடக்கும்போது நீர்ப்பகுதி வெளியேறி இரத்தம் தடிக்கும், பிசிவி ஏறும். 36இல் இருந்தவருக்கு 43 ஆனால் அது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம், நல்ல செய்தி இல்லை. முதல் நாட்களில் எடுத்த பிசிவி கையில் இருந்தால்தான் இந்த ஒப்பீடு செய்ய முடியும். ஆகவே 3ஆம் நாளுக்குள் ஒரு எஃப்பிசி எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நீரிழிவு போன்ற வருத்தம் உள்ளவர்கள் 3ஆம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே டொக்டரிடம் போக வேண்டும்.

இரண்டு டெஸ்டுக்கு வசதி இருந்தால், முதல் மூன்று நாளில் என்எஸ்1ம் எஃப்பிசியும். 5ஆம் நாளுக்குப் பிறகு வருபவருக்கு ஐஜிஎம்-ஐஜிஜியும் எஃப்பிசியும். எந்தச் சேர்க்கையிலும் எஃப்பிசி விடுபடக் கூடாது. அரச ஆஸ்பத்திரியில் இவற்றுக்குக் காசு இல்லை, ஓபிடி வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். வெளியே எடுப்பதென்றால், காய்ச்சல் தொடங்கிய திகதியை லாப்பில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி ரிப்போர்ட்டின் மூலையில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் திகதி இல்லாத ஐஜிஎம் முடிவு அரைவாசி முடிவுதான்.

டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் காய்ச்சல்தான். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குகிறவர்கள் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கான பிறபொருளெதிரியும் பட்டியில் தெரிய நாள் எடுக்கும், மருந்தைத் தொடங்க அதுவரை காத்திருக்கக் கூடாது. அம்மம்மா காலத்தில் இந்தப் பக்கத்துக் காய்ச்சல் என்றால் மலேரியா. கண்ணாடித் தட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் கிருமியையே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. கிருமியை நேரே பார்க்கும் அந்த வசதி டெங்குவுக்குக் கிடைக்கவில்லை, ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியில் வைரஸ் தெரியாது.

அன்று பின்னேரமே ஓட்டோவில் பெறாமகனை ஏற்றினோம். அக்காவுக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. "காய்ச்சல் விட்டிட்டுதே, பிறகு ஏன்?" என்று வழி முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கசிவு தொடங்குகிற நேரம் என்று சொன்னேன். 3ஆம் நாளில் எடுத்த எஃப்பிசி ஒன்று அத்தானின் பேர்சில் நாலாக மடித்துக் கிடந்தது நல்ல காலம். அதில் சிறுதட்டு 1,68,000, பிசிவி 37. அன்று இரவு எடுத்ததில் 74,000, பிசிவி 42. ஓபிடியில் இருந்த டொக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐஜிஜி ரிப்போர்ட்டை நான் நீட்டியபோது அதையும் வாங்கி, "முதல் ஒருக்கா டெங்கு வந்திருக்கா டீச்சர்?" என்று கேட்டார். கிண்ணியாக் காய்ச்சலைச் சொன்னேன். உடனே வார்ட்டுக்கு எழுதினார்.

இரண்டு இரவு கஷ்டமாக இருந்தது. மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தார்கள், எத்தனை மில்லிலீற்றர் சிறுநீர் போனது என்று அளந்து எழுதினார்கள், குடிக்கிற தண்ணீர்கூடக் கணக்குத்தான். வீட்டில் இருந்திருந்தால் நாங்கள் இளநீரை அளவில்லாமல் ஊற்றியிருப்போம், அல்லது தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாமென்று விட்டிருப்போம். சிறுதட்டு 31,000 வரை இறங்கி, 8ஆம் நாள் ஏறத் தொடங்கியது. கால்களில் சிவப்புப் படர்ந்து, நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு அரித்தது. அது சுகமாகிற அறிகுறி என்று வார்ட்டுத் தாதி மிஸ்ஸி சொன்ன பிறகுதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் எந்த டெஸ்டையும் எதிர்பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, முரசில் அல்லது மூக்கில் இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, கை கால் குளிர்வது, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

அக்கா வீட்டுச் சுவரில் கடைக்காரர் கொடுத்த கலண்டர் ஒன்று தொங்குகிறது. இப்போது யாருக்காவது உடம்பு சுட்டால் அன்றைய திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஆளின் பெயரையும் நேரத்தையும் எழுதுகிறார். போன கிழமை போனபோது தை மாதத்தில் ஒரு வட்டம் இருந்தது, அத்தானின் பெயர். அடுத்த கட்டத்தில் என்எஸ்1 என்றும், அதற்கு அடுத்ததில் எஃப்பிசி என்றும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். அத்தானுக்கு வெறும் தடிமன்தான்.